‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு வருகிறோம். மெடிக்கல் ஷாப்பில் நமக்கு உண்மையிலேயே திருப்தியா?

தாமிரபரணிக்காரன் | சனி, காலை 10:12

அம்மாவுக்கு 68 வயது. பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில். போன மாதம் நெஞ்சுச்சளி அதிகமாகி ஐந்து நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த பார்மசியிலேயே மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்று பிரஷர் மாத்திரை, டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 சேர்ந்தது. அம்மா பல வருஷமாகச் சாப்பிட்டு வந்ததும் அதேதான். ஆனால் கம்பெனி வேறு, பெயர் வேறு, அட்டையின் நிறம்கூட வேறு. பழையது பச்சை, புதியது வெள்ளி. அம்மா இரண்டையும் சாப்பிட்டிருக்கிறார்.

எட்டாவது நாள் காலை பாத்ரூமிலிருந்து வரும்போது கண் இருட்டி, சுவரைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா மெஷினில் பார்த்தபோது 96/60.

பச்சை அட்டை எங்கள் தெருமுனை மெடிக்கல் அண்ணாச்சியிடம் வாங்குவது. அம்மா காலி அட்டையைக் கடைப்பையனிடம் கொடுத்தனுப்புவார், சாயங்காலத்துக்குள் மாத்திரை வீட்டுக்கு வந்துவிடும், காசு மாசக் கடைசியில். புதுச் சீட்டை அண்ணாச்சி பார்க்கவே இல்லை. மருத்துவமனைக் கவுன்டரில் இருந்தவரோ ‘வீட்டுல வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க’ என்று கேட்கவே இல்லை.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி: எங்கள் மருந்தகச் சேவையில் திருப்தியா, 1 முதல் 5 வரை மதிப்பெண் தாருங்கள். அம்மாவிடம் அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டால், ‘அவரு தங்கம்லா’ என்கிறார்.

யார் மேலும் கோபம் இல்லை. குழப்பம்தான். நீங்கள் எல்லாம் உங்கள் மெடிக்கலில் எதைப் பார்த்துத் திருப்தி என்கிறீர்கள்?

கொங்குத்தம்பி | சனி, காலை 10:31

20 சதம் டிஸ்கவுன்ட். அவ்வளவுதானுங்க.

உண்மைவிளம்பி | சனி, காலை 10:40

எல்லாக் கடையும் கொள்ளைதான். வெளியே 20 சதம் என்று போர்டு, உள்ளே நமக்குப் பெயரே தெரியாத கம்பெனி மாத்திரை. ஒரு முறை எங்கள் ஏரியாவில் உள்ள

[கடையின் பெயர் நீக்கப்பட்டது. கடை, மருத்துவமனை, டாக்டர் பெயர்களைப் போட வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். – மட்டுறுத்துநர்]

சேலத்து_டி.பார்ம் | சனி, பிற்பகல் 2:05

மதியம் கூட்டம் குறைவான நேரம். உட்கார்ந்து எழுதுகிறேன். 14 வருஷமாகச் சொந்தக் கடை, லைசென்ஸ் என் பெயரில், நானே கவுன்டரில் நிற்கிறேன்.

முதலில் டிஸ்கவுன்ட் கணக்கு. அரசின் 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்ச விலை நிர்ணயித்த மருந்துகளில் சில்லறைக் கடைக்கு வைத்திருக்கும் லாபம் 16 சதம். மற்றவற்றில் வழக்கமாக 20. வாடகை, கரன்ட், பிரிட்ஜ், பையன் சம்பளம் எல்லாம் இதற்குள். இப்போது ஒருவர் 20 சதம் தள்ளுபடி தருகிறார் என்றால் அவர் எங்கே சம்பாதிக்கிறார் என்று யோசியுங்கள். மொத்தமாக எடுத்து மலிவாக வாங்குவதில் கொஞ்சம், எம்.ஆர்.பி.க்கும் வாங்கும் விலைக்கும் பெரிய இடைவெளி உள்ள சரக்கைத் தள்ளுவதில் மீதி. இது குற்றம் இல்லை. ஆனால் டிஸ்கவுன்ட் கடையில் ‘இது இல்ல சார், இதே மருந்துதான், வேற கம்பெனி’ என்று அடிக்கடி காதில் விழும். தாமிரபரணி சார் வீட்டில் நடந்தது இந்த வகைக் குழப்பம்தான்.

அப்புறம் இரவு ஏழிலிருந்து ஒன்பது. என் கடைக்கு முன்னால் இரண்டு கிளினிக். எட்டுப் பேர் நிற்பார்கள், எட்டுப் பேர் கையும் கவுன்டருக்குள் நீண்டிருக்கும். நான் ஒருவரிடம் ‘இது வெறும் வயித்துல, அதுக்கப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது’ என்று தைராய்டு மாத்திரையை விளக்கிக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவர் உச்சுக் கொட்டுவார். எதிர்க்கடையில் சீட்டை வாங்கி, மாத்திரையைப் போட்டு, கவரில் 1-0-1 என்று எழுதி நீட்டிவிடுவார்கள். அவர் ‘ஃபாஸ்ட்’. நான் ‘லேட்’. நட்சத்திரம் யாருக்கு விழும்?

சீட்டு கேட்டால் இன்னும் மோசம். ‘தொண்டை வலிக்கு அந்தச் சிவப்புக் கோடு போட்ட மாத்திரை மூணு குடு’ என்பார். அந்தச் சிவப்புக் கோடே சீட்டு இல்லாமல் தரக் கூடாது என்பதற்கு அடையாளம். அதிலும் ஷெட்யூல் எச்1 என்ற, கட்டுப்பாடு கூடுதலான பட்டியலில் உள்ள மருந்து என்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை கொடுத்தேன் என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்து இருக்கும் விதி. நான் இல்லை என்றதும் அவர் பைக்கைத் திருப்பாமலே எதிர்ச்சாரிக்குப் போனார். அங்கே கிடைத்தது. அடுத்த வாரம் அவர் மனைவிக்குச் சுகர் மாத்திரையும் அங்கேயே வாங்க ஆரம்பித்துவிட்டார். ஒரு குடும்பம் போச்சு.

கொங்குத்தம்பி | சனி, பிற்பகல் 2:20

அண்ணா, அந்த மூணு மாத்திரை ஆள் நான்தான்னு நெனைக்கிறேன். சேலம் இல்லை, ஈரோடு. ஆனா ஆள் நான்தான்.

இறுதியாண்டு_பி.பார்ம் | சனி, மாலை 4:48

எங்கள் கல்லூரியில் புராஜெக்ட்டே இதுதான்: மருந்துக் கடைச் சேவையில் நோயாளிகளின் திருப்தி. கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போனோம். மிகவும் திருப்தி, திருப்தி, சுமார், அதிருப்தி, மிகவும் அதிருப்தி என்று ஐந்து கட்டம்.

ஒரு தாத்தா. ‘கடைக்காரர் மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்குகிறாரா?’ என்று கேட்டேன். ‘பரவாயில்லப்பா’ என்றார். திருப்தியா சுமாரா தாத்தா என்றால், ‘அதான் பரவாயில்லைன்னு சொல்லிட்டனே’. நம் ஊரில் பரவாயில்லை என்பது நன்றாக இருக்கிறது என்பதிலிருந்து தலையெழுத்து என்பது வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதை எந்தக் கட்டத்தில் போடுவது? நான் திருப்தியில் டிக் அடித்தேன். மற்றவர்களும் அப்படித்தான் அடித்திருப்பார்கள்.

இன்னொன்று, கேள்வி கேட்ட இடம் கடை வாசல். இரண்டு அடி தள்ளிக் கடைக்காரர் நிற்கிறார். நாளைக்குக் கடன் சொல்ல வேண்டியவர் அவர் முன்னால் குறை சொல்வாரா?

சந்தேகம் வந்து கேள்வித்தாளில் இல்லாத ஒன்றை நானாகக் கேட்டேன். ‘இப்ப வாங்குனீங்களே, அதுல இந்த மஞ்சள் மாத்திரை எதுக்கு?’ மிகவும் திருப்தி என்று சொன்னவர்களே கவரைத் திறந்து திறந்து பார்த்தார்கள். ஒரு அக்கா, ‘கேஸுக்குத்தானே?’ என்று என்னிடமே கேட்டார். அது கொழுப்புக்கான மாத்திரை. இதை ரிப்போர்ட்டில் சேர்க்கலாமா என்று கைடிடம் கேட்டேன். கேள்வித்தாளில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்றுவிட்டார்.

உண்மைவிளம்பி | சனி, மாலை 5:15

தம்பி, முதலில் கவுன்டரில் நிற்பவர் பார்மசிஸ்ட்தானா என்று கேட்டீர்களா? சர்டிபிகேட் சுவரில் தொங்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார்.

சேலத்து_டி.பார்ம் | சனி, மாலை 5:32

இதில் உங்களோடு சண்டை போட மாட்டேன். 1948-ஆம் வருஷத்து பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் சீட்டுக்கு மருந்து தர வேண்டும் என்கிறது. 2015 விதிமுறைகளில் வெள்ளைக் கோட்டு, பெயர் அட்டை, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாமே இருக்கிறது. சர்டிபிகேட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கூடப் படித்தவர்களிலேயே உண்டு. ஒன்று மட்டும் கேட்கிறேன், இங்கே யாராவது கடையில் ‘பார்மசிஸ்ட் யாருங்க, அவர்கிட்ட பேசணும்’ என்று கேட்டிருக்கிறீர்களா? 14 வருஷத்தில் என்னை யாரும் கேட்டதில்லை.

நைட்_ட்யூட்டி | சனி, இரவு 11:50

செவிலியராக இருக்கிறேன். யாரும் கேட்பதில்லை என்று அண்ணன் சொன்னதும் ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வருகிறது.

அறுபது வயதுப் பெரியவர். இன்சுலின் 20 யூனிட். ஒழுங்காகப் போடுகிறார், சாப்பாட்டிலும் கட்டுப்பாடு. ஆனால் சுகர் 380, 400 என்று நிற்கிறது. டோஸைக் கூட்டிவிடலாம் என்ற பேச்சு வந்தது. ‘ஐயா, நீங்க எப்படிப் போடுறீங்கன்னு காட்டுங்க’ என்று பையைத் திறக்கச் சொன்னேன். பாட்டில் 40 யூனிட் வகை. ஊசிக்கு ஆரஞ்சு மூடி.

தெரியாதவர்களுக்கு: ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி போட்ட ஊசி, ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி ஊசி. ஆரஞ்சு ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் 0.2 மில்லிதான் வரும். 40 பாட்டிலில் அது வெறும் 8 யூனிட். இரண்டு மாதமாக மனிதர் 20 என்று நினைத்து 8 போட்டிருக்கிறார். இதையே தலைகீழாக, 100 இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். ஆள் எழுந்திருக்க மாட்டார்.

கடையில் சிவப்பு மூடி தீர்ந்துபோனதாம். ‘இதுவும் இன்சுலின் ஊசிதான்’ என்று கொடுத்திருக்கிறார்கள். பெரியவருக்கு அந்தக் கடை மேல் ஒரு குறையும் இல்லை. ‘இல்லைன்னு திருப்பி அனுப்பவே மாட்டாங்கம்மா’ என்று பெருமையாகச் சொன்னார்.

மழைக்காலம் | ஞாயிறு, காலை 8:20

எல்லாரும் மாத்திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். கேட்டதைச் சத்தம் போட்டுத் திருப்பிச் சொல்லாமல் கொடுக்கிறார்களா?

மெடிக்கல் என்றால் தெருவைப் பார்த்த கண்ணாடி மேஜை. பக்கத்தில் தெரிந்த மாமா நிற்பார். நாம் மெதுவாகக் கேட்போம். உள்ளே அலமாரிப் பக்கம் இருக்கும் பையனுக்கு, ‘டேய், பிரெக்னன்ஸி கிட் ஒண்ணு எடு’ என்று குரல் போகும். நாப்கினை மட்டும் ராணுவ ரகசியம் மாதிரி பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். அவசரக் கருத்தடை மாத்திரை சீட்டு இல்லாமலே விற்கக்கூடியது. சென்னையில் நாலு கடை ஏறி இறங்கிப் பாருங்கள், ‘வர்றதில்லைங்க’ என்ற பதிலோடு ஒரு பார்வையும் இலவசமாகக் கிடைக்கும்.

அதனால்தான் எங்கள் வயதுப் பெண்கள் பலர் ஆன்லைனில் வாங்குகிறோம். டிஸ்கவுன்ட்டுக்காக இல்லை.

சேலத்து_டி.பார்ம் | ஞாயிறு, காலை 9:02

உண்மைம்மா. என் கடையிலும் தனியாக நின்று பேச இடம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. நானும் உள்ளே குரல் கொடுக்கிறவன்தான். இனி கவனமாக இருக்கிறேன்.

நல்லூரான் | ஞாயிறு, முற்பகல் 11:15

யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிறேன். எங்கட பக்கம் மாத்திரை என்று சொல்வதில்லை, குளிசைதான். இங்கே பாமசியில் அட்டையாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, ஏழு குளிசை வேணும் என்றால் ஏழு எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். காசு மிச்சம். ஆனால் உறையின் மேல் மருந்தின் பெயர் வைத்தியரின் கையெழுத்தைவிட மோசமாகக் கிறுக்கி இருக்கும், காலாவதித் திகதி இருக்காது. அம்மம்மா வீட்டில் இப்படிப் பதினைந்து உறைகள், எது எது என்று அவவுக்கு மட்டும்தான் தெரியும். அவவுக்கும் தெரியுமோ தெரியாது.

கொங்குத்தம்பி | ஞாயிறு, முற்பகல் 11:22

குளிசை! இந்த வார்த்தையை நான் எடுத்துக்கறனுங்க.

இறுதியாண்டு_பி.பார்ம் | ஞாயிறு, மதியம் 12:40

இங்கேயும் அட்டையைக் கத்தரித்து நாலைந்து கேட்டு வாங்கலாம். உதிரியாக வாங்கினால் அந்தக் கணக்குக்கு மேல் விலை வைக்கக் கூடாது என்று விலை ஆணையிலேயே இருக்கிறது. ஆனால் பெயரும் தேதியும் இல்லாத பக்கத்தை வெட்டித் தந்தால் வாங்காதீர்கள். கடைசித் துண்டில் தேதி இருக்கட்டும் என்று எதிர்ப் பக்கத்திலிருந்து வெட்டுகிற நல்ல கடைக்காரர்களும் உண்டு.

கீழத்தெரு_வாத்தியார் | ஞாயிறு, மாலை 6:10

ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்ப் பக்கம். 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் ஆயிரம் இடங்களில் திறந்தார்கள் அல்லவா, அதில் ஒன்று எங்கள் ஊரில் வந்தது. அதற்கு முன் மத்திய அரசின் மலிவு விலைக் கடையான ஜன் அவுஷதிக்காகப் பஸ் ஏறிப் போவேன். மாத மருந்துச் செலவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘விலை கம்மின்னா வீரியமும் கம்மியாத்தானே இருக்கும்’ என்றாள். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் வாய் மூடினாள்.

குறை என்னவென்றால், ஐந்து மருந்து எழுதியிருந்தால் மூன்று கிடைக்கிறது. மீதி இரண்டுக்குப் பழைய கடைக்கே போக வேண்டும். பழைய கடைக்காரர், ‘அங்க போய்ட்டு மிச்சத்துக்கு இங்க வர்றீங்களாக்கும்’ என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் திரும்பப் போனவர்களை எனக்குத் தெரியும்.

தாமிரபரணித் தம்பி, உங்கள் அம்மாவுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை வருகிறதா என்றும் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு அதில் ஒரு அம்லோடிபின், கடையில் ஒன்று.

உண்மைவிளம்பி | ஞாயிறு, இரவு 8:30

என்னை எல்லாரும் குறை சொல்பவனாகவே பார்க்கிறீர்கள். ஒரு நல்லதும் சொல்கிறேன். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்தார்களே, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச், அதில் 48.6 சதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம். செய்தி வந்த அன்று ராத்திரி வீட்டில் இருந்த சிரப்பை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். பாட்டிலின் லேபிள் மருந்து சிந்தி அழிந்துபோயிருந்தது. பில் இருந்தது. அதில் கம்பெனி, பேட்ச் நம்பர், காலாவதி எல்லாம் அச்சாகியிருந்தது. வேறு கம்பெனிதான். ஆனாலும் கடைக்காரருக்குப் போன் போட்டேன், ராத்திரி பத்தரைக்கு. எடுத்தார். ‘எதுவா இருந்தாலும் ஊத்தாதீங்க, காலையில கொண்டாங்க, பணம் தர்றேன்’ என்றார்.

பில்லைக் கசக்கிப் போடாதீர்கள். அதுவரை நானும் கசக்கிப் போடுகிறவன்தான்.

தாமிரபரணிக்காரன் | அடுத்த ஞாயிறு, மதியம் 1:25

ஊருக்குப் போயிருந்தேன். நீங்கள் எல்லாம் எழுதியதைப் படித்துவிட்டு, வீட்டில் இருந்த மருந்தை ஒன்று விடாமல் மஞ்சப்பையில் போட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். காலை பதினோரு மணி. நடந்ததைச் சொன்னேன். முதலில் முகம் சுருங்கிவிட்டது. ‘எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி’ என்றார். நானும், ‘நீங்களும் கேக்கலியே அண்ணாச்சி’ என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அப்புறம் பையைக் கண்ணாடி மேஜையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, கம்பெனிப் பெயரை விட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் படித்து இரண்டு குவியலாகப் பிரித்தார். பிரஷர் மாத்திரை மட்டும் இல்லை, வயிற்றுப் புண்ணுக்கான பான்டோபிரசோலும் இரண்டு பெயரில் இருந்தது. காலாவதியான கண் சொட்டு மருந்து ஒன்று. யாருக்கு வாங்கியது என்றே தெரியாத ஒரு பாட்டில். நல்ல வேளை, வீட்டுக்கு வரும் அரசு மாத்திரை எதுவும் இல்லை. எதை நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லி, அவரே கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் காலை, மதியம், இரவு என்று கோடு போட்டு மருந்தின் பெயரைத் தமிழில் எழுதினார். அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தார்.

முழுசாக இருபத்தைந்து நிமிஷம். பின்னால் நின்றவர்களில் ஒருவர், ‘என்ன அண்ணாச்சி, சம்பந்தம் பேசுதியளா?’ என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

சேலத்து_டி.பார்ம் | ஞாயிறு, பிற்பகல் 2:10

நல்லது சார். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், அன்றைக்கு அவர் கடையில் என்ன வாங்கினீர்கள்?

தாமிரபரணிக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2:14

ஒரு பஞ்சு ரோல். 35 ரூபாய்.